புத்தளக் களப்பின் கரையோரச் சித்திரங்கள்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் அரசாங்க ஆவணங்களையும் முதலில் நாடுவர். அவ்வூரைக் கண்ணாற் கண்டு வரைந்த சித்திரங்களைப் பெரும்பாலும் நூலுக்கு அணிசெய்யும் பொருள்களாகவே கொள்வர். ஆயினும் சித்திரமும் ஒரு சான்றே. வரைந்தவன் எங்கே நின்றான், எதனை நோக்கினான், எதனை வரையாது விட்டான் என்னும் மூன்று வினாக்களையும் தொடுத்து நோக்குமிடத்து, ஓர் ஊரின் படம் அவ்வூரைப் பற்றிக் கூறுவதோடு அதனை ஆண்டவர்களைப் பற்றியும் கூறுவதை உணரலாம். கோட்டினால் தீட்டிய படத்துக்கு மட்டுமன்றிச் சொல்லினால் தீட்டிய படத்துக்கும் இது பொருந்தும்.

இலங்கையின் வடமேற்குக் கரையில், கலா ஓயா முகத்துவாரம் முதல் சிலாபம் வரை நீண்டு கிடக்கும் புத்தள மாவட்டக் கரையோரம் இவ்வகையில் ஆராயத்தக்கது. பதினான்காம் நூற்றாண்டிலே ஒரு வழிப்போக்கனும், பதினேழாம் நூற்றாண்டு முதல் ஒல்லாந்தப் படவரைஞரும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அம்மண்ணிற் பிறந்த ஒருவரும் இக்கரையைத் தத்தம் நோக்கிற்கேற்ப வரைந்தனர். அம்மூன்று சித்திரங்களையும் ஒப்புநோக்கி, இன்று அவ்வூர்களைச் சேர்ந்த ஒருவர் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தால் எவற்றை வரைதல் வேண்டும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரும் ஊரும்

இக்கரையோரத்து ஊர்கள் நீரினாலே தோன்றியவை. மேற்கே கற்பிட்டித் தீபகற்பமும் கிழக்கே பெருநிலமும் இருக்க, இடையே புத்தளக் களப்பு பரந்து கிடக்கின்றது. அதன் வாய் வடக்கே கடலோடு கலக்கின்றது. கலா ஓயா அதன் வடபகுதியிலும், மீ ஓயா தெற்கே புத்தள நகருக்கு அண்மையிலும் வந்து விழுகின்றன. இன்னுந் தெற்கே, தெதுறு ஓயா சிலாபத்துக்கு அருகே கடலை அடைகின்றது. பெரிய ஆறு நன்னீரைக் கொண்டுவரும் வடபகுதியிலே கண்டற்காடுகள் செறிந்துள்ளன. கடல்வாயிலிருந்து தொலைவிலுள்ள தென்பகுதியிலோ வறட்சிக் காலத்து வெயிலில் நீர் வற்றி உவர்ப்பு மிகுகின்றது. புத்தளத்திலும் பாலாவியிலும் உப்பளங்கள் அமைந்தமைக்கு இவ்வியற்கையே காரணமாகும். புத்தளம் என்ற பெயரையே ‘புது அளம்’ என்பதன் திரிபாக மக்கள் கூறுவர். சிலாபம் என்ற பெயரோ முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ என்ற சொல்லோடு தொடர்புபடுத்தப்படுகின்றது. இப்பெயர் விளக்கங்கள் முற்றும் சரியோ அன்றோ, தம் ஊரை மக்கள் தொழிலைக் கொண்டே அறிந்தனர் என்பதை இவை காட்டுகின்றன.

ஆற்றோரக் குடியிருப்பின் தொன்மைக்குப் பொம்பரிப்பு சான்றாகும். கலா ஓயாவுக்கு வடக்கே அமைந்த இவ்விடத்திலே தாழிகளில் இறந்தோரின் எலும்புகளை இட்டுப் புதைத்த பெருங்கற்கால ஈமக்காடு ஒன்று உண்டு. 1924இல் ஹோக்காட் இதனை ஆராய்ந்தார். 1956–57இல் தொல்பொருட் டிணைக்களமும், 1970இல் விமலா பெக்லியும் அகழ்வுகளை நடாத்தினர். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றை அறிஞர் ஒப்பிட்டுள்ளனர். ஆற்றின் கழிமுகத்திலே வாழ்ந்து, இறந்தோரையும் அதன் அருகிலேயே அடக்கிய அம்மக்கள் தம் ஊரின் படம் எதனையும் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் வனைந்த மட்பாண்டங்களே எஞ்சியுள்ளன.

வழிப்போக்கன் கண்ட ஊர்

இக்கரையின் முதற் சொற்சித்திரத்தை நமக்கு அளித்தவர் மொறொக்கோ நாட்டினரான இபின் பதூதா ஆவார். மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவர், 1344இல் ‘பத்தாலா’ என்று தாம் குறிப்பிடும் துறையில் இறங்கினார். அது புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கொள்கை. அங்கே அவர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அவ்வரசன் பாரசீக மொழியை விளங்கிக் கொள்ளக் கூடியவனாக இருந்தான் என்றும், தம்மை உபசரித்து முத்துக்களை அளித்தான் என்றும் அவர் கூறுகின்றார்.

அவ்வூரைப் பற்றி அவர் தரும் செய்தி சுருக்கமானதே. மரத்தாலான மதிலும் மரத்தாலான காவற்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய பட்டினம் அது. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் மேடுமேடாகக் குவிந்து கிடந்தன. மாபர், மலபார் ஆகிய நாடுகளின் மக்கள் விலை எதுவுமின்றி அவற்றை ஏற்றிச் சென்றனர். அதற்கீடாக அரசனுக்குத் துணி முதலியவற்றைக் கையுறையாக அளித்தனர். அங்கிருந்து சிவனொளிபாதமலைக்குப் புறப்பட்ட பதூதா ஓர் ஆற்றினை மூங்கில் தெப்பத்தாற் கடந்தார். பின்னர் அவர் தங்கிச் சென்ற ‘பந்தர் சலாவத்’ என்னும் ஊர் சிலாபமாகலாம் எனக் கருதப்படுகின்றது.

இச்சித்திரத்திலே மனங்கொளத்தக்கது அந்த மரக்குவியலே. உள்நாட்டு மலைக்காடும் கரையோரத் துறைமுகமும் ஆற்றினால் இணைக்கப்பட்டிருந்த நிலையை அவ்வொரு காட்சி புலப்படுத்துகின்றது. துணியும் கறுவாவும் கைமாறும் வணிகமும் அதனுள் அடங்கும். ஆனால் பதூதா அங்கே தங்கியது மூன்று நாட்களே. தம் பயணக் கதையை அவர் சொல்லி எழுதுவித்ததோ பதினொரு ஆண்டுகளின் பின்னர், 1355இல் ஆகும். அரசனையும் அவன் அளித்த முத்துக்களையும் நினைவில் வைத்திருந்த அவர், அம்முத்தை எடுக்கக் கடலில் மூழ்கியோரின் ஊரையும் குலத்தையும் பற்றி எதுவும் கூறவில்லை. மரமதிலைக் கட்டியோரும் தெப்பத்தைச் செலுத்தியோரும் அவருடைய சித்திரத்தின் ஓரத்திலும் இடம்பெறவில்லை. விருந்தினனாக வந்தவனின் படம் அரசவையை நடுவாகக் கொண்டு அமைவது இயல்பே.

கோட்டையை வரைந்தோர்

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இக்கரை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கண்டி அரசுக்கு வேண்டிய உப்பும் துணியும் இவ்வழியே உட்சென்றன. பாக்கு முதலிய பொருட்கள் இவ்வழியே வெளிவந்தன. களப்பின் வாயைக் கட்டுப்படுத்துவோர் கண்டியின் வணிகத்தையும் கட்டுப்படுத்தலாம் என்பதை ஒல்லாந்தர் நன்குணர்ந்திருந்தனர். எனவே கற்பிட்டியிலே 1667இல் கோட்டையொன்றைக் கட்டத் தொடங்கி 1676இல் நிறைவு செய்தனர். ஏறத்தாழச் சதுரமான அமைப்பு, நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள், முருகைக்கல்லாலான தடித்த மதில் என்பன அதன் கூறுகளாகும். அதன் நுழைவாயில் மஞ்சள் நிறச் செங்கற்களாற் கட்டப்பட்டு, தேவாலய முகப்பை ஒத்த வளைவும் மணிக்கூண்டும் உடையதாக விளங்குகின்றது. தேவாலயம் கட்டுவதாகக் கண்டி மன்னனுக்குக் கூறிவிட்டுக் கோட்டையைக் கட்டினர் என்று வழங்கும் கதைக்கு இம்முகப்பே காரணமாயிற்று.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தான் கைப்பற்றிய இடங்களைப் படமாக வரைவித்துப் பேணும் வழக்கமுடையது. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய போல்தேயு பாதிரியார் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலிலே இலங்கைப் பட்டினங்களின் செதுக்கோவியங்கள் பல இடம்பெற்றன. 1730களில் இலங்கையில் இருந்த ஹைற் என்னும் யேர்மானியர் தாம் வரைந்த காட்சிகளை 1744இல் நூலாக்கினார். இத்தகைய படங்களைத் தொகுத்து ஆர். கே. டி சில்வாவும் பியூமரும் 1988இல் வெளியிட்ட பெருநூல் இத்துறை மாணவர்க்கு இன்றியமையாதது.

கம்பனியின் கோட்டைப் படங்களுக்கு ஒரு பொதுப்பண்பு உண்டு. அவற்றுட் பல மேலிருந்து பார்ப்பது போன்று அமைந்தவை. கொத்தளத்தின் கோணம், மதிலின் நீளம், கடலின் ஆழம், நங்கூரமிடத்தக்க இடம் ஆகியன அளவு பிசகாமற் குறிக்கப்படும். பீரங்கியின் குண்டு எங்கே சென்று விழும் என்பதை அறிவதற்கு அவை வேண்டியிருந்தன. மதிலுக்கு வெளியேயுள்ள ஊரோ சில புள்ளிகளாகவும் சில மரங்களாகவும் சுருங்கிவிடும். முருகைக்கல்லைக் கடலிலிருந்து பெயர்த்தவர் யார், சுண்ணாம்பைச் சுட்டவர் யார், அவற்றைச் சுமந்தவர் யார் என்பன படத்திலே இல்லை. 1795 நவம்பரிற் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. படைத்தேவை ஒழிந்த பின்னரும் கற்பிட்டி என்றாற் கோட்டையே என்னும் எண்ணம் ஒழியவில்லை. இன்று அங்கே செல்லும் பயணிகளும் அந்நுழைவாயிலையே படம் பிடிக்கின்றனர். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பு கம்பனி காட்டிய திசையிலேயே நம் கண்கள் இன்னும் நோக்குகின்றன எனலாம்.

மண்ணின் மைந்தர் தீட்டிய சித்திரம்

இந்நிலையில், கற்பிட்டியிலேயே 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டியின் பணி தனிச்சிறப்புடையது. நூற்றுக்கணக்கான புலவர் வரலாறுகளைக் கொண்ட ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலை 1859இல் வெளியிட்டவர் என்ற முறையில் தமிழ் மாணவர் அவரை நன்கறிவர். மணியகாரராகவும் முதலியாராகவும் கடமையாற்றிய அவர், சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாகவும் 1838 முதல் 1845 வரை வீற்றிருந்தார். பின்னர் இலங்கைக் குடிசார் சேவையிற் சேர்ந்து சிலாபத்தில் நீதிபதியாக விளங்கினார். 1860இற் காலமானார்.

அவர் தமது இருபத்தேழாம் வயதில், 1834இல், கோட்டே மிசன் அச்சகத்தில் அச்சிட்டு வெளியிட்ட ‘சிலோன் கசெற்றியர்’ இலங்கையின் மாவட்டங்கள், பட்டினங்கள், கிராமங்கள், ஆறுகள், குளங்கள், மக்கட் கூட்டங்கள் ஆகியவற்றை அகரவரிசையில் விளக்கும் ஆங்கில நூலாகும். இதுவும் ஒரு சித்திரமே. முன்னையோர் கோட்டையையும் அரசவையையும் நடுவில் வைத்தனர். காசிச்செட்டியோ சின்னஞ்சிறு கிராமத்துக்கும் ஓர் இடம் அளித்தார். உள்ளூர்ப் பெயர், அதன் பொருள், கோயில், பள்ளிவாசல், குடிமக்களின் வழக்கம் எனப் படைவரைஞர் பொருட்படுத்தாதவற்றை அவர் பதிவு செய்தார். தமிழும் வடமொழியும் ஐரோப்பிய மொழிகளும் அறிந்த அவருக்கு ஊராரிடம் நேரே வினவி அறியும் வாய்ப்பும் இருந்தது. பிறநாட்டார் பிறழ உச்சரித்த பெயர்களுக்கு மூலவடிவம் காட்ட அவரால் இயன்றது.

எனினும் அவரது நூலுக்கும் எல்லை உண்டு. அது அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியது. ஆட்சியாளரும் கற்றோருமே அதனைப் படித்தனர். அகரவரிசை தேடுவோர்க்கு வசதியானது. ஆனால் அது அயலூர்களைப் பிரித்துவிடுகின்றது. களப்பின் ஒரு கரையில் உள்ள ஊரும் மறுகரையில் உள்ள ஊரும் தோணியினால் இணைந்தவை. நூலிலோ அவை பல பக்கங்கள் தள்ளிக் கிடக்கின்றன. ஊர்களைத் தனித்தனியே அறியலாம். ஊர்களிடையே ஓடும் நீரை அங்கே காண்டல் அரிது.

வரையப்படாதவை

மேற்கூறிய மூன்று சித்திரங்களிலும் விடுபட்டவற்றை நிரைப்படுத்தினால் அவை ஒரு பெரும் வரலாறாகும். உப்பளத்துப் பாத்திகளிலே வெறுங்காலுடன் நின்று உப்பு வாரியோர், பருவந்தோறும் குடும்பத்துடன் வந்து கரையில் வாடியமைத்துத் தங்கும் மீனவர், கரைவலை இழுப்போர், கிடுகு பின்னும் பெண்கள் ஆகியோர் அவ்வரலாற்றுக்கு உரியவர். தமிழ், சிங்களம் ஆகிய இருமொழிகளும் ஒரே வீட்டிற் பேசப்படும் ஊர்கள் இக்கரையில் உண்டு. உடப்பிலே திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பும், முன்னேசுவரத்திலே சிவன் கோயில் திருவிழாவும், தலவிலவிலே புனித அன்னம்மாள் பெருவிழாவும் நடைபெறுகின்றன. களப்பைச் சூழ்ந்த ஊர்களிற் பழமையான பள்ளிவாசல்கள் உள்ளன. இத்தனையும் சில மணிநேரப் பயணத்துள் அடங்குவன. இவற்றை ஒருங்கே காட்டும் படம் எதுவும் பழைய வரைஞரால் தரப்படவில்லை.

அண்மைக் காலத்து மாற்றங்களோ இன்னும் விரைவானவை. 1980களிலும் 1990களிலும் இறால் வளர்ப்புக் குளங்களுக்காகக் கண்டற்காடுகள் பல அழிக்கப்பட்டன. அவ்வாறு வெட்டிய குளங்களுட் பல நோயினாற் பின்னர் கைவிடப்பட்டன. 1990 ஒக்டோபரிலே வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலானோர் இம்மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் கிடுகுக் கொட்டில்களாகத் தொடங்கிய முகாம்கள் நாளடைவிலே கல்வீடுகள் கொண்ட ஊர்களாயின. அக்கொட்டில்களை அந்நாளில் எவரேனும் நின்று வரைந்திருந்தால் இன்று அவை எத்துணைப் பெறுமதியான சான்றாகும் என்பது எண்ணத்தக்கது. 2011இல் முதற்கட்டம் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையத்தின் புகைபோக்கி தீபகற்பத்தின் அடிவானத்தையே மாற்றிவிட்டது. தென்னைக்கும் பள்ளிவாசற் கோபுரத்துக்கும் மேலாக எழுந்து நிற்கும் அதனை விலக்கி வரைபவர் அழகிய படமொன்றை வரையலாம். ஆனால் அது இக்காலக் கற்பிட்டியின் படமாகாது.

எங்ஙனம் வரைதல் வேண்டும்?

இவற்றையெல்லாம் மனத்திருத்தி நோக்கின், இக்கரையை வரையப் புகும் மாணவர்க்குச் சில நெறிகள் புலனாகும்.

முதலாவது, நிற்கும் இடம். இவ்வூர்கள் நீரை நோக்கிப் பிறந்தவை. ஆதலின் நீரிலிருந்தே அவற்றை முதலில் நோக்குதல் வேண்டும். தோணியில் அமர்ந்து பார்க்குமிடத்துக் கரை ஒரு மெல்லிய கோடாகவே தோன்றும். வானும் நீருமே தாளின் பெரும்பகுதியைக் கொள்ளும். மலைநாட்டுக் காட்சிக்குரிய நெட்டுத்தாள் இதற்கு உதவாது. அகன்ற தாளே பொருந்தும். கற்பிட்டி நகர் தீபகற்பத்தின் களப்புப் பக்கத்தே அமைந்திருப்பதனாற் காலைக் கதிர் நீரின்மேல் எழுந்து ஊரின்மீது படும். காலையிலே களப்பிலிருந்து ஊரையும், மாலையிலே மேற்குக் கரையிலிருந்து கடலையும் வரைதல் நன்று.

இரண்டாவது, பருவம். மாரியில் ஆற்றுநீர் செம்மண் கலந்து களப்பை நிறம் மாற்றும். வறட்சிக் காலத்திலே உப்புப் பாத்திகள் சதுரஞ் சதுரமாக ஒளிரும். அவற்றின் வரம்புகள் தொலைவு நோக்கிக் குவிவது தூரக்காட்சி விதியைக் கற்பிக்கும் பாடமாகவும் அமையும். ஒரே இடத்தை இருபருவத்திலும் வரைந்து அருகருகே வைத்தால் இவ்வூர் எதனால் வாழ்கின்றது என்பது விளங்கும்.

மூன்றாவது, பொருள். கோட்டையை வரைய வேண்டாம் என்பது கருத்தன்று. அது கடற்படையினரின் பொறுப்பில் உள்ளமையால் உரிய அனுமதி பெற்றே உட்செல்லல் வேண்டும். அம்மதிலை வரைபவர் அதன் உருவத்தோடு நின்றுவிடாது முருகைக்கல்லின் துளைகளையும், சுண்ணச்சாந்து உதிர்ந்த இடங்களையும் உற்றுநோக்குவாராக. பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் அக்கல்லின் சொரசொரப்பு தாளில் வரும். அது கடலிலிருந்து மனிதர் கைகளாற் பெயர்க்கப்பட்ட கல் என்னும் உண்மையும் அதனோடு வரும்.

நான்காவது, மனிதர். மனித உருவம் ஊரின் அளவைக் காட்டும் கருவியாக மட்டும் அமைதல் கூடாது. வலையைச் செப்பனிடும் கை, உப்பு வாரும் பலகை, தோணியின் கொம்பு ஆகியவற்றை வரையுமுன் அவற்றுக்குரிய பெயரை அத்தொழிலாளரிடமே கேட்டறிந்து படத்தின் அருகே எழுதுதல் வேண்டும். காசிச்செட்டி செய்த பணி இதுவே. வரையப்படுவோர் விரும்பாவிடின் கோலை மடித்துவிடுதலே பண்பாகும்.

இறுதியாக, ஒவ்வொரு படத்தின் அடியிலும் நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை ஆகியன குறிக்கப்படல் வேண்டும். இக்குறிப்பில்லாத படம் காலப்போக்கில் வெறும் அழகுப் பொருளாகிவிடும்; குறிப்புள்ள படம், வரைந்தவர் தேர்ந்த ஓவியர் அல்லராயினும், வரலாற்றுச் சான்றாகும். ஒளிப்படக் கருவி கணப்பொழுதில் எல்லாவற்றையும் பதிவு செய்யுமே என்று கேட்கலாம். ஒளிப்படம் எடுப்பவர் ஒரு நிமிடத்திற் சென்றுவிடுகின்றார். வரைபவர் ஒரு மணிநேரம் ஓரிடத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். அந்த ஒரு மணிநேரத்திலே ஊரார் வந்து பேசுவர். படத்திலுள்ள பிழையைச் சுட்டுவர். முன்பு அவ்விடத்தில் என்ன இருந்தது என்பதையும் சொல்வர். அவ்வாறு கேட்டறிந்தவை படத்தின் மறுபக்கத்தே எழுதிவைக்கத்தக்கன.

முடிவுரை

இபின் பதூதா விருந்தினராக வந்து அரசவையின் அருகிருந்து இக்கரையைக் கண்டார். ஒல்லாந்தப் படவரைஞர் கொத்தளத்தின் மேலிருந்து அதனை அளந்தனர். காசிச்செட்டி அம்மண்ணுக்கு உரியவராய் ஊர்களின் பெயர்களைத் தொகுத்தார். மூவர்க்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அவர்கள் விட்ட இடத்தை நிரப்பும் பொறுப்பு இன்று இக்கரையிற் பிறந்து பல்கலைக்கழகம் புகுந்த தலைமுறையினருக்கு உண்டு. கோட்டையின் படம் ஆவணக் காப்பகங்களிலே பத்திரமாக உள்ளது. உப்பு வாருவோரின் படமும், வாடியின் படமும், முகாமாகத் தொடங்கி ஊராக மாறிய தெருவின் படமும் எந்தக் காப்பகத்துக்கும் தாமாகச் சென்று சேரமாட்டா. அவற்றை அறிந்தோர் உயிரோடிருக்கும் காலத்திலே, அவ்வவ்விடங்களிலேயே அமர்ந்து வரைந்து வைத்தல் வேண்டும். அவ்வாறு வரையப்படும் தாள்கள் ஒன்றுசேருங்கால், புத்தளக் கரையோரத்தின் வரலாறு முதன்முறையாக அதன் மக்களை நடுவில் வைத்து எழுதப்படும்.